ராம்ராடு எவ்வளவு நீளம் வேண்டும்? வாய்வழி கெட்டிக்கும் ரைஃபிளுக்கு அளவெடுக்கும் முறை

மருந்தையும் குண்டையும் வாய் வழியாகக் குழலுக்குள் தள்ளும் கம்பிதான் ராம்ராடு, சுருக்கமாக ராடு. "32 இஞ்ச் குழல், அதே நீளத்துக்கு ஒரு ராடு வெட்டிக் குடுங்க" என்று கேட்டு வாங்கிவிட்டால் இரண்டு பக்கமும் இடிக்கும். மருந்தையும் குண்டையும் அடிவரை இறக்கும்போது கையில் பிடிக்க ராடு மிஞ்சாது. ஸ்டாக்குக்கு (துப்பாக்கியின் மர உடம்பு) அடியில் செருகி வைக்கும்போது வாய்க்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். குழலின் வெளி நீளம், குழலுக்குள் இருக்கும் ஆழம், ஸ்டாக்கின் அடியில் ராடு போய் உட்காரும் வழியின் நீளம் மூன்றும் வெவ்வேறு அளவுகள். கடைக்குப் போகும் முன் மூன்றும் ஒரு தாளில் இருக்க வேண்டும்.

துப்பாக்கி உள்ள படத்திலோ பட்டியலிலோ போட்டிருக்கும் குழல் நீளத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கம்பெனிக் காலத்து இந்தியா பேட்டர்ன் மஸ்கட்டுக்கும் 39 இஞ்ச் குழல், 1853 மாடல் என்ஃபீல்டு ரைஃபிளுக்கும் 39 இஞ்ச் குழல். ஒன்று முக்கால் இஞ்ச் வாய் கொண்ட வழுவழுக் குழல், மற்றது .577 இஞ்ச் அளவில் உள்ளே மரை ஓடும் குழல். ஒன்றின் ராடு மற்றதுக்கு உதவாது. சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் அந்தக் காலத்து ஆயுதங்களை வைத்திருக்கிறார்கள். பாரிமுனைக்கு வருகிறவர்கள் ஒரு எட்டு போய், ராடு ஸ்டாக்கில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வரலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை.

முதலில் சட்டம்

வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிதானே என்று யாரும் அசட்டையாக இருக்க வேண்டாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி அதற்கும் உரிமம் வேண்டும். சென்னை மாநகர எல்லைக்குள் உரிமம் தருபவர் காவல் ஆணையர். துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கும் அதே சட்டத்தின் 5ஆம் பிரிவின் கீழ் தனி உரிமம் இருக்க வேண்டும். ஆகவே கொருக்குப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ எவ்வளவு கை தேர்ந்த லேத் பட்டறைக்காரராக இருந்தாலும் அவரிடம் துப்பாக்கியைக் கொண்டுபோய் "இதுக்கு அளவு எடுத்துக்குங்க அண்ணே" என்று நீட்டக் கூடாது. உங்களையும் அவரையும் சேர்த்துச் சிக்கலில் மாட்டிவிடும். துப்பாக்கி வீட்டிலேயே இருக்கட்டும். அளவு எழுதிய தாளும், ராடுக்கான கம்பியும், அதன் முனையில் மாட்டும் ஜேகும் (குண்டைத் தள்ளவும், துணியைப் பிடித்துக் குழலைத் துடைக்கவும் உதவும் முனைத் துண்டு) மட்டும் பட்டறைக்குப் போகட்டும். இந்தக் கட்டுரை முழுக்க வீட்டில் அளவெடுப்பதைப் பற்றியே பேசுவதற்குக் காரணம் இதுதான்.

குழல் காலி என்று உறுதி செய்வது

இதைச் செய்யாமல் அடுத்த வேலைக்குப் போகவே கூடாது. வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியைத் திறந்து பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது. தாத்தா காலத்தில் கெட்டித்த மருந்து அப்படியே உள்ளே கிடக்கலாம். கரிமருந்து ஈரம் படாமல் இருந்தால் எத்தனை வருஷம் கழித்தும் பற்றும்.

நிப்பிளில் (குழலின் அடியில் உள்ள, துளையுள்ள சின்ன முளை) கேப் (அதன் மேல் மாட்டும், அடிபட்டால் தீப்பொறி தரும் சின்ன உலோக மூடி) இருந்தால் எடுத்துவிடுங்கள். சக்கிமுக்கி வகையானால் கிண்ணத்தில் உள்ள மருந்தைத் துடைத்துவிட்டு மூடியைத் திறந்தே வையுங்கள். குழலின் வாய் ஆள் இல்லாத பக்கம் பார்க்கட்டும். ஒட்டு ஒட்டாக வீடுகள் இருக்கும் தெருவில் பக்கத்து வீட்டுச் சுவரும் மேல் மாடியும் "ஆள் இல்லாத பக்கம்" ஆகாது. தரைத்தளத்தில் ஒரு பெரிய வாளி நிறைய மணல் வைத்து, அதை நோக்கிச் சாய்த்துப் பிடிப்பது நல்லது. முகத்தையோ உள்ளங்கையையோ வாய்க்கு நேரே கொண்டுபோகாதீர்கள்.

இப்போது 6 மி.மீ. தடிமன் உள்ள, நேரான, முனை தட்டையாக வெட்டிய மரக்குச்சி ஒன்றை மெதுவாக உள்ளே விடுங்கள். அது நிற்கும் இடத்தில், வாயின் விளிம்புக்குச் சரியாக, குச்சியைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். குச்சியை வெளியே எடுத்து, டேப் வாயின் விளிம்பில் இருக்கும்படி குழலின் வெளிப்பக்கமாகவே படுக்க வையுங்கள். குழல் காலியாக இருந்தால் குச்சியின் முனை நிப்பிள் இருக்கும் கோட்டை, அல்லது தீ போகும் பக்கத்துளையின் கோட்டை ஒட்டி வரும். ஒரு இஞ்சோ அதற்கு மேலோ முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. கெட்டித்த துப்பாக்கி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கம்பியால் குத்துவது, துளை போடுவது, திருகாணி விட்டு இழுப்பது எதுவும் வேண்டாம். உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்குத் தகவல் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி நடந்துகொள்ளுங்கள்.

முதல் அளவு: உள் ஆழம்

காலி என்று உறுதியான பிறகு அதே குச்சியில் டேப்புக்கும் முனைக்கும் உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் எழுதுங்கள். மூன்று முறை எடுங்கள். மூன்றும் 1 மி.மீ.க்குள் ஒத்துப்போனால் சரி. இரும்பு டேப்பையே குழலுக்குள் விட்டு அளப்பவர்கள் உண்டு. அதன் கொக்கி ஆடும், பட்டை உள்ளே வளையும், உள்மரையிலும் கீறல் விழும். குச்சிதான் நம்பகம்.

வெளி நீளத்தைவிட உள் ஆழம் ஏன் குறைகிறது என்றால், குழலின் அடியைத் திருகி அடைத்திருக்கும் பிரீச் பிளக் உள்ளே இடம் பிடிக்கிறது. அரை இஞ்ச் முதல் முக்கால் இஞ்ச் வரை அதற்கே போய்விடும்.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது பேட்டன்ட் பிரீச் என்கிற வகையில். அதில் குழலின் அடிப்பகுதி திடீரென்று ஒடுங்கி, சின்ன அறை போல இருக்கும். மருந்தின் ஒரு பங்கு அந்த அறைக்குள் போகும். குண்டு அந்த ஒடுக்கத்தின் தோள் வரைக்கும்தான் வர முடியும். மெல்லிய குச்சி அறையின் அடிவரை போய் ஒரு ஆழத்தைக் காட்டும். பெரிய ஜேக் மாட்டிய ராடு தோளிலேயே நின்று வேறொரு ஆழத்தைக் காட்டும். ஒரே அளவை மட்டும் எடுத்தவர், "ராடு அடிவரை போகலையே, உள்ளே குண்டு சிக்கியிருக்கோ" என்று பயப்படுவார். அல்லது அதைவிட மோசமாக, உண்மையிலேயே குண்டு சிக்கியிருக்கும்போது "இது அந்தத் தோள்தான்" என்று விட்டுவிடுவார். ஆகவே 6 மி.மீ. குச்சியால் ஒரு அளவும், குழல் வாய்க்குக் கொஞ்சமே சின்னதான கட்டையைக் குச்சி முனையில் மாட்டி இன்னொரு அளவும் எடுங்கள். இரண்டும் ஒன்றாக வந்தால் அடி தட்டை. வித்தியாசம் வந்தால் பேட்டன்ட் பிரீச். ராடு நீளத்துக்குத் தோள் வரையிலான அளவைப் பயன்படுத்துங்கள். மற்ற அளவைச் சுத்தம் செய்யும் மெல்லிய பிரஷ்ஷுக்காகக் குறித்து வையுங்கள்.

இரண்டாவது அளவு: ராடு உட்காரும் வழி

குழலுக்குக் கீழே இரண்டு மூன்று வளையங்கள் வழியாகப் போய், ஸ்டாக்குக்குள் துளையிட்ட வழியில் ராடு முடிகிறது. அதே குச்சியை அதற்குள் விட்டு, வாயின் விளிம்புக்கு நேராகக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வழி பெரும்பாலும் பிரீச்சுக்கு முன்னாலேயே நின்றுவிடும். அதாவது இந்த அளவு உள் ஆழத்தைவிடக் குறைவாகவே வரும். துளைக்குள் பழைய மரத்தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் அடைத்திருந்தால் இன்னும் குறையும். குச்சியைச் சுழற்றி எடுத்து, முனையில் பிசுக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி அளங்கள்.

கணக்கு

ஒரு எடுத்துக்காட்டு. வெளி நீளம் 32 இஞ்ச், அதாவது 813 மி.மீ. பிரீச் பிளக் 16 மி.மீ. போக உள் ஆழம் 797. ஸ்டாக்கின் அடி வழி 765. மருந்தும் துணிச்சுற்றுக் குண்டும் சேர்ந்து உள்ளே பிடிக்கும் உயரம் 50 என்று வைத்துக்கொள்வோம்.

வாயோடு சமமாக நிற்கும்படி 765 மி.மீ. ராடு போட்டால், கெட்டித்த பிறகு குண்டின் தலை வாயிலிருந்து 747 மி.மீ. ஆழத்தில் இருக்கும். ராடில் 18 மி.மீ. மட்டுமே வெளியே தெரியும். இரண்டு விரலால் கூடச் சரியாகப் பிடிக்க முடியாது. காலிக் குழலில் விட்டால் 32 மி.மீ. உள்ளேயே போய்விடும், இடுக்கியாலும் எட்டாது. ஸ்டாக்கில் பொருந்துகிற ராடு மட்டும் போதாது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது.

அதனால் இரண்டு ராடு வைத்துக்கொள்ளுங்கள் என்பதே எங்கள் உறுதியான பரிந்துரை. ஒன்று துப்பாக்கியோடு இருக்கும் ராடு. அடி வழியின் அளவோடு 10 முதல் 25 மி.மீ. வரை கூட்டிக்கொள்ளலாம், அதற்கு மேல் நீட்டினால் எதிலாவது தட்டும். அதன் வெளி முனையில் மரை போட்டு, தேவைப்படும்போது கைப்பிடியோ நீட்டிப்புத் துண்டோ திருகிக்கொள்ளும்படி இருக்க வேண்டும். மற்றது சுடுதளத்திலும் சுத்தம் செய்யவும் பயன்படும் வேலை ராடு. உள் ஆழத்தோடு 200 முதல் 300 மி.மீ. கூட்டுங்கள். நம் எடுத்துக்காட்டில் 797உடன் 250 சேர்த்து, சுமார் 1050. இது ஜேக் உட்பட மொத்த நீளம், கைப்பிடி தனி. ஜேக் 30 மி.மீ. வெளியே நீட்டினால் கம்பியை 1020க்கு வெட்ட வேண்டும். ஜேகைக் கணக்கில் சேர்க்க மறப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

இன்னும் நீளமாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். நல்லதில்லை. மிச்ச நீளம் எல்லாம் வளையும். இடப் பிரச்சினையும் இருக்கிறது. 1240 மி.மீ. துப்பாக்கியை நிறுத்தி, 1050 ராடை அதன் வாயில் வைத்தால் உச்சி ஏழரை அடிக்குப் போகும். சின்ன அறையில் சீலிங் ஃபேன் இறக்கை அந்த உயரத்தில்தான் சுற்றும். வீட்டுக்குள் சுத்தம் செய்யும்போது துப்பாக்கியை மேசையில் படுக்க வைத்தே செய்யுங்கள்.

தடிமன்: நூல் கணக்கில் ஒரு பொறி

.40க்குக் குறைந்த வாய்க்கு 5/16 இஞ்ச், .45, .50 வாய்க்கு 3/8 இஞ்ச், .54க்கு மேல் 7/16 இஞ்ச் என்பது பொதுவான அளவு. பாரிமுனை இரும்புக் கடைகளில் இதை நூலில் சொல்வார்கள். ஒரு இஞ்சுக்கு 8 நூல். 3/8 என்றால் மூணு நூல், 5/16 என்றால் இரண்டரை நூல். "மூணு நூல் கம்பி" என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது 10 மி.மீ. கம்பி. உண்மையான 3/8 என்பது 9.525 மி.மீ. கட்டடக் கம்பிக்கு அந்த அரை மில்லிமீட்டர் ஒரு பொருட்டில்லை. 3/8க்குத் துளைத்த வளையத்தில் 10 மி.மீ. ராடு நுழையவே நுழையாது. விட்டம் அளக்கும் வெர்னியரைக் கையோடு எடுத்துப் போங்கள். வளையத்தின் உள்விட்டத்தைவிட ராடு 0.4 மி.மீ.யாவது குறைவாக இருக்க வேண்டும்.

எந்தப் பொருளில்

மரம் என்றால் ரேகை நேராக ஓட வேண்டும். வெளிநாட்டில் ஹிக்கரியைப் பிளந்து எடுப்பார்கள், அறுத்து எடுக்க மாட்டார்கள். பிளக்கும்போது மரம் தன் ரேகை வழியே பிரியும், அறுக்கும்போது ரம்பம் ரேகையைக் குறுக்கே வெட்டிவிடும். வால்டாக்ஸ் ரோடு மரக்கடைகளில் மெஷினில் உருட்டிய உருளைக் கம்புகள் பார்க்க அழகாக இருக்கும். கையில் எடுத்து ரேகையை விரலால் தொடர்ந்து பாருங்கள். ஒரு அடிக்குள் அது பக்கவாட்டில் வெளியேறினால் அந்தக் கம்பு வேண்டாம். அழுத்தும்போது சரியாக அந்தச் சரிவில்தான் முறியும். முறிந்த முனை ஈட்டி மாதிரி கூராக, கீழே தள்ளிக்கொண்டிருக்கும் உள்ளங்கைக்குள் ஏறும். சிலம்பக் கம்புக்கு எடுக்கும் கல்மூங்கிலைச் சிலர் நினைப்பார்கள். அதன் பலம் வெளித்தோலை ஒட்டிய நாரில் இருக்கிறது. 9.5 மி.மீ.க்குச் சீவினால் அந்தப் பலம்தான் முதலில் போகும்.

வேலை ராடுக்குப் பித்தளை நல்லது. குழலின் இரும்பைவிட மிருது, துருப்பிடிக்காது. 3/8 இஞ்சில் 1050 மி.மீ. பித்தளை கிட்டத்தட்ட 640 கிராம் வரும். அந்த எடையே குண்டை இறக்கப் பாதி உதவி செய்யும். கடையில் எடைக்கு விற்பதால் நீளம் எழுதிய தாளைக் காட்டி, 20 மி.மீ. கூடுதலாக வெட்டி வாங்குங்கள். அலுமினியம் வேண்டாம். மிருதுவான அதன் உடம்பில் மணலும் கரியும் பதிந்து, உப்புத்தாள் போலக் குழலைத் தேய்க்கும். ஃபைபர் கம்பியும் வாயின் மரையைத் தேய்க்கும். எவர்சில்வர் ராடு வளையாது, ஆனால் வாயில் உரசாமலிருக்கப் பித்தளை அல்லது நைலான் கூம்பு ஒன்றை ராடில் கோத்தே ஆக வேண்டும்.

லேத் பட்டறையில் சொல்ல வேண்டியவை

மரைதான் இங்கே தகராறு. வெளிநாட்டு ஜேகுகள் பெரும்பாலும் 10-32 மரையில் வரும், சின்ன வாய்க்கு 8-32. 10-32 என்பது 4.83 மி.மீ. விட்டம், மரைக்கு மரை 0.794 மி.மீ. பட்டறையில் கைக்கெட்டும் டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) எம்5. அது 5 மி.மீ., 0.8 இடைவெளி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். எம்5 துளையில் 10-32 ஜேக் வழுக்கிக்கொண்டு ஏறும், பிடித்ததுபோலவே இருக்கும். இறுக்கமான துணியோடு வெளியே இழுக்கும்போது மரை விட்டுவிடும், ஜேக் குழலின் அடியிலேயே நின்றுவிடும். 3/16 இஞ்ச் விட்வொர்த் டேப் போட்டால் இரண்டு சுற்றிலேயே இறுகும். ஆகவே ஜேகைக் கையில் கொடுத்து, மரை கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சரியான டேப் கிடைக்காவிட்டால் எல்லாவற்றையும் எம்5க்கே மாற்றி, ஜேகையும் அங்கேயே பித்தளையில் கடைந்துகொள்வது பாதுகாப்பு. இரண்டு மரையைக் கலப்பதுதான் ஆபத்து.

மர ராடாக இருந்தால் மரத்தில் நேராக மரை போடக் கூடாது. முனையில் பித்தளைத் தொப்பி மாட்டி, எபாக்ஸி போட்டு, குறுக்கே 2 மி.மீ. துளையிட்டுப் பித்தளை ஆணி அடித்து இருபக்கமும் அரம் போட்டுச் சமன் செய்ய வேண்டும். பசை மட்டும் இருந்தால் ஒருநாள் தொப்பி உள்ளேயே கழன்றுவிடும். வேலை வரிசையும் முக்கியம். தொப்பியை மாட்டி, ஜேகைத் திருகி, அதன் பிறகே மறுமுனையை வெட்டி நீளத்தைச் சரிசெய்யுங்கள். முதலிலேயே சரியாக வெட்டிவிட்டால் தொப்பிக்காகச் சீவும் இடத்தில் 10, 15 மி.மீ. போய்விடும்.

ராடில் இரண்டு கோடு

ராடு வந்ததும் காலிக் குழலில் விட்டு, வாயின் விளிம்புக்கு நேராக ஒரு கோடு கீறுங்கள். இது காலிக் கோடு. சுடுதளத்தில் வழக்கமான அளவு மருந்தும் குண்டும் கெட்டித்த பிறகு இன்னொரு கோடு. நம் எடுத்துக்காட்டில் இரண்டுக்கும் நடுவே 50 மி.மீ. இருக்கும். கெட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் ராடு இரண்டாவது கோட்டில் வந்து நிற்க வேண்டும். கோடு வாய்க்கு மேலே நின்றால் குண்டு மருந்தின் மேல் உட்காரவில்லை, இடையில் வெற்றிடம் இருக்கிறது. அப்படியே சுட்டால் குழல் வீங்கும், வெடிக்கவும் செய்யும். எந்த வேகத்தில் இருந்தாலும் அந்தக் கோட்டைப் பார்க்காமல் கேப் மாட்டாதீர்கள். மருந்தின் அளவையோ குண்டையோ துணியின் தடிமனையோ மாற்றினால் பழைய கோட்டை அழித்துவிட்டுப் புதிதாகக் கீற வேண்டும். ராடை வேறு ஜேகோடு பயன்படுத்தினாலும் கோடு மாறும். ஜேகின் முனை குழிவாக இருந்தால் குண்டு அந்தக் குழிக்குள் 2, 3 மி.மீ. போய் உட்காரும். ஆகவே காலிக் கோடு ஒரு ஜேகிலும் கெட்டித்த கோடு இன்னொரு ஜேகிலும் இருக்கக் கூடாது.

தள்ளும்போது வாயிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பிடித்து, சின்னச் சின்னதாக இறக்குங்கள். உச்சியைப் பிடித்து ஒரே மூச்சில் அழுத்தினால் நடுவில் வளைந்து முறியும். குண்டு இறங்கியதும் ராடை வெளியே எடுத்து, கண்ணில் படும் ஒரே இடத்தில் வையுங்கள். அந்த இடம் காலியாக இருந்தால் ராடு இன்னும் குழலுக்குள் இருக்கிறது.

ராயபுரம், காசிமேடு, எண்ணூர் பக்கம் கடல் காற்றில் மர ராடின் நீளம் மாறாது, தடிமன் மாறும். மரம் ரேகை வாட்டத்தில் ஏறக்குறைய அசையாது, குறுக்கே ஊதும். கோடையில் வளையத்தில் ஓடிய ராடு ஐப்பசி மழையில் இறுகி நிற்பது அதனால்தான். வெட்டிய இரு முனைகளுக்கும் சேர்த்து ஆளிவிதை எண்ணெய் மூன்று கை பூசி, ஒவ்வொரு பூச்சுக்கும் ஒருநாள் காய விடுங்கள். எண்ணெய் தேய்த்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டுவிட்டு எறியுங்கள். வேலை ராடைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். மேல் முனையில் ஒரு துளையிட்டு ஆணியில் தொங்கவிடுங்கள்.